1,32,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்கூட்டர்: இன்ஜினுக்கு போர் வேலை பார்ப்பதா, விற்றுவிடுவதா?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். வீடு வீடாக, கடை கடையாகப் போய் ஆர்.டி. பணம் வாங்கித் தபால் ஆபீசில் கட்டுவது அவர் வேலை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள். வண்டி, 2012 மார்ச்சில் அவருடைய கணவர் வாங்கிய 110 சிசி கார்புரேட்டர் ஸ்கூட்டர். கணவர் நான்கு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அதிலிருந்து வண்டியை இவர்தான் ஓட்டுகிறார். மீட்டர் ஒருமுறை 99,999-ஐத் தாண்டி, பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்து, இப்போது 32,000-த்தைக் காட்டுகிறது.

குறைகளை அவரே வரிசையாக எழுதியிருக்கிறார். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீலப் புகை வருகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கிளம்பும்போது வண்டி உதறுகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் இரைகிறதே தவிர வண்டி இழுப்பதில்லை. லிட்டருக்கு 45 கொடுத்தது இப்போது 33. இதற்கு நடுவில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி ஒரு பகல், ஒரு ராத்திரி சீட் உயரத் தண்ணீரில் நின்றிருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "இன்ஜின் போச்சு, போர் வேலைதான், 14,000 ஆகும்" என்கிறார். போர் என்பது சிலிண்டரின் உள்சுவர்; அதைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போடுவதுதான் போர் வேலை. தம்பி எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார். ஷோரூமில் பழைய வண்டிக்கு 6,000 போடுகிறார்கள். "லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜினுக்கு மேற்கொண்டு செலவு செய்வது முட்டாள்தனமா? அடுத்த வருடம் 15 வருடம் ஆகிறது, அரசாங்கமே உடைக்கச் சொல்லிவிடும் என்கிறார்களே? அவர் வாங்கிய வண்டி, கொடுக்க மனசு வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, மனசு வராததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் விஷயம். வண்டியைப் பற்றிப் பேசலாம்.

லட்சம் கிலோமீட்டர் என்றாலே இன்ஜின் முடிந்தது என்ற எண்ணம் பழைய இரண்டு ஸ்ட்ரோக் காலத்து மிச்சம். நான் 1991-ல் மதுரையில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். சேத்தக்கைச் சாய்த்து ஸ்டார்ட் செய்த காலம். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், கரி பிடிக்கும், நாற்பதாயிரம் கிலோமீட்டரில் போர் வேலைக்கு வருவது சர்வ சாதாரணம். நீங்கள் ஓட்டுவது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்கென்று தனியாக ஆயில், தனியாக ஒரு பம்ப். எங்கள் பட்டறைக்கு வரும் பால்காரர் ஒருவரின் வண்டி இரண்டு லட்சத்தைத் தாண்டி இன்னும் கேன் சுமக்கிறது. ஒரே ஒருமுறை ரிங் மாற்றியிருக்கிறேன். அவர் வண்டியைத் துடைத்துக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் அளவு மட்டும் பார்க்காமல் விடமாட்டார்.

முதலில் அந்த டீ கிளாஸ்

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது. "3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றிவிடுவேன் அண்ணா. போன தடவை வடித்தபோது ஒரு டீ கிளாஸ் அளவுதான் வந்தது. பழைய வண்டி அப்படித்தான் என்றார் மெக்கானிக்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே ஊற்றுவது முக்கால் லிட்டர் அளவுக்கு. டீ கிளாஸ் என்றால் 150 மில்லி. மீதி 600 மில்லியை 3,000 கிலோமீட்டரில் இன்ஜின் குடித்திருக்கிறது, அதாவது ஆயிரத்துக்கு 200 மில்லி. 14 வயது இன்ஜின் இவ்வளவு ஆயில் குடிப்பது பெரிய குற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி ஆயிரம் கிலோமீட்டரை அது பாதி ஆயில்கூட இல்லாமல் ஓடியிருக்கிறது. அதுதான் இன்ஜினைக் கொல்லும். கார் என்றால் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். ரொம்பக் குறைந்து ஆயில் அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். உங்கள் வண்டியில் இருப்பதே முக்கால் லிட்டர், விளக்கும் கிடையாது. ரேடியேட்டரும் இல்லாததால் சூட்டைச் சுமக்கிற வேலையிலும் ஆயிலுக்குப் பங்கு உண்டு. அளவு குறைந்தால் முதலில் வறண்டு போவது இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்.

தவறாமல் ஆயில் மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். மாற்றுவதற்கு நடுவில் பார்க்கவும் வேண்டும். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இன்னும் மூன்று நிமிடம் கழித்து ஆயில் மூடியைக் கழற்றி, அதன் குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி விடுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இப்படிப் பார்க்கும்போது மூடியைத் திருகக் கூடாது, சும்மா உட்கார வைக்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து ஏமாற்றும். எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஈரம் இருக்க வேண்டும். கீழ் கோட்டுக்கு வந்துவிட்டால் 100 மில்லி ஊற்றி மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. அதிகமான ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், அங்கே வேறு ரகளை பண்ணும். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. சீட்டுக்கு அடியில் கால் லிட்டர் பாட்டில் ஒன்று கிடக்கட்டும்.

ஸ்கூட்டருக்கு ஸ்கூட்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். டப்பாவில் 'எம்.பி.' என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கு, 'எம்.ஏ.' பைக்குக்கு. பைக் ஆயிலை அவசரத்துக்கு ஸ்கூட்டரில் ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் குறையுமே தவிர ஒன்றும் ஆகாது. ஸ்கூட்டர் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால்தான் கிளட்ச் வழுக்கும். ஆயில் குறைகிறதே என்று தடிமனான ஆயிலுக்கு மாறச் சொல்வார்கள். தூத்துக்குடி வெயிலில், தேய்ந்த இன்ஜினுக்கு அது ஓரளவு உதவும்தான். ஆனால் நோய் என்னவென்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதைச் செய்யாதீர்கள், அறிகுறி மறைந்துவிடும்.

அப்புறம் அந்த நீலப் புகை. காலையில் மட்டும் வந்து ஒரு நிமிடத்தில் நிற்கிறது என்று கவனமாக எழுதியிருக்கிறீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் புகை வரும், மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர் திட்டுவார். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் புகைத்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது வால்வ் சீல் மேல்தான். அது வால்வ் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் தொப்பி. வயதாகிக் காய்ந்து இறுகிவிட்டால், மேலே தேங்கிய ஆயில் ராத்திரியில் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும், காலையில் எரியும். இதற்கு ஹெட்டை இறக்கி, சீல் மாற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதும். போர் வேலையில் கால்வாசிகூட ஆகாது.

நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள், இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து எழுதுகிறேன். மெக்கானிக்கிடம், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை அளந்த பிறகு, பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு எகிறினால் கசிவு ரிங்கிலும் போரிலும். அப்படியே நின்றால் வால்வில். பத்து நிமிட வேலை, 14,000 ரூபாயைத் தீர்மானிக்கப் போகிறது. ரிங்தான் என்று தெரிந்தால் போர் வேலைக்கு நானும் சரி என்பேன். ஆனால் சிலிண்டரை போர் கேஜில் அளந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், பழைய பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஒருமுறை ஆயிலை வடித்து மாற்றிவிடுங்கள்.

உதறலுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம்

இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. இந்த ஒரு வரியை வைத்தே நானும் ஒருமுறை தப்பு செய்திருக்கிறேன். 2004-ல் ஒரு டீச்சரம்மாவின் வண்டி. இழுவை இல்லை என்றார். கொஞ்சம் புகையும் இருந்தது. யோசிக்காமல் போர் போட்டுவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் அதே இரைச்சல், அதே நத்தை நடை. இடது பக்கக் கவரைத் திறந்தால், உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகக் கிடக்கின்றன. பெல்ட் நூல் பிரிந்திருக்கிறது. அந்தக் காசை அவருக்குத் திருப்பிக் கொடுத்து முடிக்க எனக்கு மூன்று மாசம் ஆனது. அதிலிருந்து இழுவை இல்லை என்று வரும் எந்த ஸ்கூட்டருக்கும் முதலில் இடது கவரைத்தான் திறக்கிறேன்.

ஸ்கூட்டரில் கியர் மாற்றுகிற வேலையைச் செய்வது ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வேகம் கூடக் கூட வெளியே தள்ளி பெல்ட்டை ஏற்றும். ரோலர் தேய்ந்தால் பெல்ட் சரியாக ஏறாது. பெல்ட் அகலம் குறைந்தால் வழுக்கும். பின்னால் கிளட்ச் ஷூ பளபளப்பாகிவிட்டால், கிளம்பும்போது பிடித்தும் பிடிக்காமலும் உதறும். புகையைத் தவிர நீங்கள் எழுதிய மற்ற மூன்று குறைகளும் இந்தக் கவருக்குள் இருக்க முடியும். மைலேஜ் 45-லிருந்து 33 ஆனதில் பெரிய பங்கும் இதற்குத்தான் இருக்கும். பெல்ட்டை 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது என் வழக்கம், அறுந்து நடுரோட்டில் நிற்கும் வரை காத்திருப்பதில்லை. ரோலரையும் அப்போதே சேர்த்து மாற்றிவிடுவேன். உங்கள் கடிதத்தில் பெல்ட் என்ற வார்த்தையே இல்லை.

இதில்தான் வெள்ளம் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் உங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். சீட் வரை தண்ணீரில் நின்ற வண்டிக்கு இன்ஜின் ஆயிலும் பிளக்கும் மாற்றி ஸ்டார்ட் செய்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஊர் முழுக்க வண்டிகள் வரிசையில் நின்றிருக்கும், அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று இந்தப் பெல்ட் கவர். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்தால் புல்லி முகத்தில் துரு ஏறும், அந்தத் துரு உப்புத்தாள் மாதிரி பெல்ட்டை அரைக்கும். இன்னொன்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் பெட்டி. அதற்குத் தனியாக நூறு மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக ஆயில் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது, பல மெக்கானிக்குகளும் வடிப்பதில்லை. மூச்சுத் துளை வழியாக அதற்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்திருக்கும், பேரிங் அரிக்கும். வேகம் கூடக் கூடப் பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒரு முனகல் எழுகிறதா என்று கவனியுங்கள்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து போடுகிறார்கள் என்றீர்கள். இந்த வகை ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை தடவிய காகித ஃபில்டர்தான் வரும். அதைக் காற்றடித்தால் பசை போய், அடுத்து வரும் தூசி நேராக இன்ஜினுக்குள் இறங்கும். போரைத் தேய்க்கிற உப்புத்தாள் அதுதான். சில நூறு ரூபாய்ப் பொருள், அழுக்கானால் மாற்றுங்கள். வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட்டின் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். வழக்கமாகக் கேட்கும் சத்தம் திடீரென்று அடங்கி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால்தான் நான் பயப்படுவேன். வால்வ் உட்கார்ந்து இடைவெளி மூடிக்கொள்கிறது என்று அர்த்தம்.

எத்தனால் கலந்த புது பெட்ரோல்தான் இன்ஜினைத் தின்றதோ என்ற சந்தேகத்துக்கு: உங்கள் வண்டி 20 சதவீத எத்தனாலுக்காகச் செய்தது இல்லை, உண்மைதான். மைலேஜ் லேசாகக் குறையும். பழைய பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர் வளையங்கள் சீக்கிரம் உப்பி வெடிக்கும். குழாயை எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் கார்புரேட்டரிலிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். நீலப் புகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உப்புக் காற்றும் சேஸும்

இதுவரை சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் மாற்றக்கூடியவை. ஒரு ஸ்கூட்டரின் ஆயுளை உண்மையில் முடிப்பது சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். நீங்கள் தினமும் போவது உப்பளம் வழி, அதற்கு மேல் ஒரு நாள் முழுக்க வெள்ளத்தில் ஊறல். எனவே அந்த 14,000-க்கு முன்னால் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். என்னிடம் வண்டி வந்திருந்தால் இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொட்டிருக்க மாட்டேன்.

கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பை எடுத்து, ஃபுட்போர்டு பிளாஸ்டிக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் நீளமாக ஓடும் இரும்புக் குழாய் தெரியும். அது, சென்டர் ஸ்டாண்டு மாட்டியிருக்கும் இடம், இன்ஜின் தொங்கும் தாங்கி, பின் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம், பேட்டரிப் பெட்டிக்கு அடி: இந்த ஐந்தையும் பாருங்கள். மேலாகத் துருப்பிடித்துச் சிவந்திருந்தால் கவலை இல்லை. பெயின்ட் கொப்புளம் போட்டு, தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால், அங்கே ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். இறங்காமல் நின்றால் பிழைத்தீர்கள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துருவை நிறுத்தும் பூச்சும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் இன்னும் சில வருடம் ஓடும். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். வெல்டிங் வைத்துத் தரேன் என்பார்கள். பாரம் தாங்குகிற இடத்தில் துருப்பிடித்த தகட்டின் மேல் வைக்கும் வெல்டிங் பக்கத்திலேயே விடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது விட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடிக்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். டீசல் ரப்பர் புஷ்களை ஊற வைக்கும், தூசியை இழுத்து ஒட்ட வைக்கும், பிரேக் டிரம்முக்குள் ஒரு சொட்டு போனாலும் பிரேக் பிடிக்காது. வாரம் ஒருமுறை இரண்டு வாளி நல்ல தண்ணீரை அடியில் ஊற்றி உப்பைக் கழுவினாலே போதும்.

டயர், பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பத்து இஞ்ச் சக்கரம் சீக்கிரம் தேயும், காற்று வாரம் ஒருமுறை பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்துக்கு மேலானது என்றால் டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்

கடிதத்தோடு ஆர்.சி. நகலையும் இன்சூரன்ஸ் நகலையும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் இன்னும் உங்கள் கணவர் பெயரிலேயே இருக்கின்றன. நான் வக்கீல் இல்லை, ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிறைய நின்றவன். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. நான்கு வருடம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் கேட்பார்கள், ஆனாலும் மாற்ற முடியும். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீசில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், செல்லும் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கட்டும். உங்கள் வண்டி பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிக் காலத்தது, புகைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஒரு வருடம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வண்டி யார் பெயரிலோ அவர் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்குத்தான் பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் உரிமையாளர் விபத்துக் காப்பீடு. இறந்தவர் பெயரில் நீங்கள் வருடா வருடம் கட்டிவரும் பணம், நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் வரும் என்று நம்பி உட்கார முடியாது. தினமும் அடுத்தவர் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நீங்கள். புகையை விட இது அவசரம்.

15 வருடத்தில் உடைக்க வேண்டும் என்பது சரியில்லை. அப்படிக் கட்டாயமாகப் பதிவு நீக்கம் ஆவது 2023 ஏப்ரல் முதல் அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு. டில்லிப் பக்கம் தனி விதிகள் உண்டு, அதைச் செய்தியில் பார்த்துவிட்டு இங்கேயும் அதுதான் என்று பேசுகிறார்கள். நம் ஊரில் சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். உங்களுக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் இரு சக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள், தாமதித்தால் மாதம் 300 கூடுதல். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, கட்டும் முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றம் முதலில், புதுப்பிப்பு அப்புறம். இறந்தவர் பெயரில் வண்டியைக் காட்டப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

பெட்ரோல் வண்டியில் வளர்ந்தவன் நான். ஆனாலும் கணக்கு கணக்குதான். வருடம் 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 என்று வைத்தாலும் 300 லிட்டர், இன்றைய விலையில் 30,000 ரூபாயைத் தொடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மூன்றரை. வருடத்துக்கு 420 யூனிட். உங்கள் வீட்டுக் கட்டண அடுக்கைப் பொறுத்துச் சில ஆயிரம் ஆகும். தினமும் 40 கிலோமீட்டர், ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் என்பது அந்த வண்டிக்கென்றே அளந்த ஓட்டம். எனவே "பழைய வண்டிதான் எப்போதும் மலிவு" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தவணையும் பெரிய இன்சூரன்ஸும் முதல் சில வருடம் அந்த மிச்சத்தைத் தின்னும், அதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. வெள்ளம் ஏறுகிற வாசலில் நிறுத்த வேண்டியிருக்கிறதா என்பதையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். சேஸில் ஸ்குரூ டிரைவர் இறங்கினால் அந்த 6,000-த்தை வாங்கிக்கொண்டு எலெக்ட்ரிக்குக்கு மாறிவிடுவேன். பெயர் மாற்றாமல் எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்க முடியாது என்பது ஞாபகம் இருக்கட்டும். சேஸ் நன்றாக இருந்தால் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ, கியர் ஆயில், ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டுவேன். ஆயில் அளவை ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்பேன். உதறல் போய், மைலேஜ் 40-க்கு ஏறி, ஆயிரத்துக்கு 200 மில்லிதான் குடிக்கிறது என்றால் வால்வ் சீலோடு நிறுத்திக்கொள்வேன். 300-ஐத் தாண்டினால், அல்லது கம்ப்ரஷன் சோதனை ரிங்கைக் காட்டினால், அப்போது போர் வேலை.

ஆர்.டி. கணக்கு எழுதுகிறவர் நீங்கள். வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் மீட்டர் ஒரு லட்சத்தை மறைத்துக் காட்டுவதால் முதல் பக்கத்தில் "+1,00,000" என்று எழுதிவிட்டு, தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், ஊற்றிய ஆயில், மாற்றிய சாமான் என்று ஐந்து கட்டம். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் எந்த மெக்கானிக்கும் உங்களிடம் "பழைய வண்டி அப்படித்தான்" என்று சொல்லத் தயங்குவார்.

கியர் ஆயிலை வடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். தேன் நிறமா, கறுப்பா, பால் டீ நிறமா, அடியில் இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மற்றதை அதற்கப்புறம் பேசிக்கொள்வோம்.